‘கேப் 91’ எங்கே போனது? மசோதா நிறைவேறினாலே சட்டமா?

தெம்பனிஸ்வாசி:
என் சிங்கப்பூர் வேலை ஒப்பந்தத்தில் “வேலை நியமனச் சட்டம், கேப் 91, பிரிவு 38” என்று இருக்கிறது. ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன் (அரசாங்கத்தின் சட்ட இணையத்தளம்) பட்டியலில் அந்த எண்ணையே காணோம். சட்டம் போய்விட்டதா? வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மை மசோதா 2025 ஜனவரியில் நிறைவேறியதே, அதை வைத்து உடனே புகார் கொடுக்கலாமா?

ஏட்டுச்சுரை:
சட்டம் அப்படியே இருக்கிறது. 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31 அன்று நடப்புக்கு வந்தபோது ‘கேப்’ (சாப்டர்) என்ற அத்தியாய எண்களை எடுத்துவிட்டார்கள். ‘எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் 1968’ என்று தேடுங்கள். பக்கம் திறந்ததும் பதிப்புத் தேதியைப் பாருங்கள். பழைய சம்பவம் என்றால் அன்று நடப்பில் இருந்த வாசகம்தான் செல்லும். அதே பக்கத்தின் டைம்லைனில் (பழைய பதிப்புகளின் காலவரிசை) அந்தத் தேதிக்குப் போகலாம். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வேலை பெர்மிட் நிபந்தனைகளைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது, அவை வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வந்த 2012 ஒழுங்குவிதிகளில் தனியாக இருக்கின்றன.

மூன்றாம்வாசிப்பு:
மசோதா நிறைவேறினால் மட்டும் போதாது. நாடாளுமன்றத்தில் மூன்று வாசிப்பு (மசோதா கடக்கும் மூன்று கட்டங்கள்), பிறகு சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்தின் பரிசீலனை, அதிபரின் ஒப்புதல். இத்தனையும் முடிந்தாலும் சட்டம் தூங்கிக்கொண்டிருக்கலாம். முதல் பிரிவைப் படியுங்கள்: “அமைச்சர் அரசிதழ் அறிவிப்பின்வழி குறிக்கும் தேதியில் நடப்புக்கு வரும்” என்று இருந்தால், அந்த அறிவிப்பு வரும்வரை அதை வைத்து வழக்காட முடியாது. சில பிரிவுகள் மட்டும் முதலில் வருவதும் உண்டு. ஒரு பிரிவின் நோக்கம் புரியவில்லையென்றால் இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் பேசியதைப் படியுங்கள். பொருள்விளக்கச் சட்டத்தின் பிரிவு 9ஏ நீதிமன்றமே அதைப் பார்க்க இடம் தருகிறது.

கணக்குப்பிள்ளை:
பிரிவு 38 ஓவர்டைம் பற்றியது, மணிக்கு அடிப்படைச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு. ஆனால் அது சட்டத்தின் நான்காம் பகுதியில் இருக்கிறது, அந்தப் பகுதி எல்லாருக்கும் பொருந்தாது. உடலுழைப்புத் தொழிலாளியானால் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்), மற்றவர்களானால் 2,600க்குள் இருக்கவேண்டும். முதலில் இதைச் சரிபாருங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும் 14 நாளுக்குள் ஓவர்டைமும் வரவேண்டும்.

வராவிட்டால் முதலில் டிஏடிஎம்மில் (வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் முத்தரப்பு அமைப்பு) சமரசம், அங்கே தீராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். கோரும் தொகைக்கு வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழி போனால் 30,000. வழக்கறிஞர் வரமுடியாது, நீங்களே பேசவேண்டும். கோரிக்கை கொடுக்க அவகாசம், வேலையில் இருந்தால் தொகை வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டு, விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம். தாமதித்தால் உரிமையே போய்விடும். மனிதவள அமைச்சு முதலாளிமீது வழக்குத் தொடர்வது வேறு தடம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். சம்பளச் சீட்டையும் வேலைநேரக் குறிப்பையும் இன்றே நகலெடுத்து வையுங்கள்.