பகலில் ஓடும் வேன் பிரிட்ஜ் ராத்திரியில் நின்றுவிடுகிறது. பேட்டரி மாற்றணுமா?

தேரடிக்காரன்:
வணக்கம். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர் பம்பு, 12 வோல்ட் பிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருக்கிறேன். உள்ளே 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி, கூரையில் 200 வாட் சோலார். வண்டி நிற்பது திருவொற்றியூரில், பட்டினத்தார் கோயில் பக்கம். கடல் கூப்பிடு தூரம்.

இரண்டு வாரமாக ஒரே தொல்லை. பகலெல்லாம் பிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிளம்பப் பார்க்கும், உடனே நின்றுவிடும். பம்பு ஓடினால் விளக்கும் மங்குகிறது. போன சனிக்கிழமை பழவேற்காட்டில் வாங்கி வந்த இறால் விடிவதற்குள் நாறிப்போனது, வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. மீட்டர் வைத்தால் பேட்டரி 12.5 காட்டுகிறது. கடைக்காரரோ இரண்டரை வருஷம் ஆகிவிட்டது, ஆயுசு முடிந்தது என்று சொல்லிப் புதுசுக்குப் பதினைந்தாயிரம் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

டோல்கேட் வண்டி:
ப்ரோ, இன்னொரு பேட்டரி வாங்கிப் பேரலலில் போடுங்க. நான் அப்படித்தான் போட்டேன், பிரச்சினையே இல்லை.

காசிமேட்டு கரண்ட்:
தம்பி, பொறு. பழைய பேட்டரியோடு புதுசைச் சேர்த்தால் பழசு புதுசையும் கூட இழுத்துக்கொண்டு போகும். முதலில் காசு செலவில்லாத வேலையைப் பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது 12.5 காட்டுவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. லெட் ஆசிட் பேட்டரி முழுசாக ஏறி ஓய்ந்திருந்தால் 12.7, பாதி இறங்கினால் 12.2 அளவில் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை நேராகப் பேட்டரியிலேயே மாட்டி மூன்று மணி நேரம் எரியவிடு. 14 ஏ.எச். போல இழுத்திருக்கும், 150-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே 12-க்குக் கீழே விழுந்தால் கடைக்காரர் சொன்னது சரி. விழவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

அடுத்தது முக்கியம். பிரிட்ஜ் கிளம்புகிற நேரத்தில் பேட்டரி முனையில் எவ்வளவு, பிரிட்ஜுக்குப் போகிற முனையில் எவ்வளவு என்று இரண்டையும் பார். இரண்டு எண்ணும் இங்கே போடு.

ராயபுரம் அக்கா:
பிரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரசர் பக்கம் சின்ன விளக்கு மின்னுகிறதா பாருங்க தம்பி. பல 12 வோல்ட் கம்ப்ரசர்களில் ஒரே ஒரு மின்னல், இடைவெளி, மறுபடி ஒரு மின்னல் என்று வந்தால் வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். என் வண்டியில் அதைக் கவனிக்காமல் கேஸ் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு முந்நூறு ரூபாய் தண்டம்.

தேரடிக்காரன்:
அக்கா, ஒரு மின்னல்தான்! அண்ணே, பல்பு மூன்று மணி நேரம் எரிந்தும் 12.3-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் பிரிட்ஜ் கிளம்பும்போது பேட்டரியில் 12.3, பிரிட்ஜ் முனையில் 10.6. மீதி எங்கே போச்சு?

காசிமேட்டு கரண்ட்:
வழியில் தின்றுவிட்டது. பகலில் சோலார் பேட்டரியை 13.5-க்கு மேல் தூக்கி வைக்கிறது, 1.7 போனாலும் பிரிட்ஜுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. வெயில் போனதும் குட்டு வெளிப்படுகிறது.

எந்தப் பக்கம் தின்கிறது என்று பார்ப்பது சுலபம். பிரிட்ஜ் ஓட முயலும்போது மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவில் வை, இன்னொன்றைப் பிரிட்ஜின் நெகட்டிவில் வை. பூஜ்யத்தை ஒட்டி வரணும். அதேபோல் பாசிட்டிவுக்கும். என் கணக்கு, எர்த் போல்ட், அதாவது நெகட்டிவ் ஒயரை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸியோடு சேர்க்கிற போல்ட். நெகட்டிவைச் சேஸியில் கட்டியிருக்கிறாயா? வண்டி வெள்ளத்தில் நின்றதா?

தேரடிக்காரன்:
நெகட்டிவ் பக்கம் 1.3, பாசிட்டிவ் பக்கம் 0.4. எர்த் படிக்குக் கீழே சேஸியில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது அண்ணே. அதற்கப்புறம் அந்தப் போல்ட்டை நான் பார்க்கவே இல்லை.

காசிமேட்டு கரண்ட்:
அப்புறம் என்ன சந்தேகம்? தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து உள்ளே துருவும் களிம்புமாக இருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், நம்பாதே.

முதலில் சோலார் பேனலைக் கழற்று, அப்புறம் பேட்டரி நெகட்டிவை. போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போய் இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய். ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கைச் சுத்தம் செய்யாதே, வெட்டிப் புதுசு அழுத்து. பல் வாஷர் போட்டு இறுக்கிவிட்டு, மேலே வாசலின் தடவு. தடவிவிட்டு இறுக்காதே, இறுக்கிவிட்டுத் தடவு. பேட்டரி முனையிலும் வெள்ளைப் பூ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவு, பேட்டரி மூடிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.

பாசிட்டிவ் ஒயர் எத்தனை சதுர மில்லி?

தேரடிக்காரன்:
1.5. ஐந்து மீட்டர் போகிறது.

காசிமேட்டு கரண்ட்:
வீட்டு லைட் ஒயரா! மீட்டருக்கு 0.012 ஓம். ஐந்து ஆம்பியர் போனால் ஐந்து மீட்டரில் 0.3 வோல்ட் அதிலேயே போச்சு, மீதி பியூஸ் ஹோல்டரில். 4 சதுர மில்லி போடு. கிடைத்தால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், படகுக்குப் போடுவது. வெறும் செம்பு இந்தக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். நானே வந்து பார்ப்பேன், ஆனால் இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில், எனக்குத் தலைக்கு மேல் வேலை.

தேரடிக்காரன்:
முடித்துவிட்டேன் அண்ணே. போல்ட்டைத் திருகினதும் துரு உதிரி உதிரியாகக் கொட்டியது. எர்த் சரியானதும் பிரிட்ஜ் முனையில் 11.8, ஒயரும் ஹோல்டரும் மாற்றினதும் 12.1. மூன்று ராத்திரியாக நிற்காமல் ஓடுகிறது. செலவு எழுநூறு ரூபாய்.

இன்னொன்று. குழாயெல்லாம் மூடியிருந்தும் நடுராத்திரியில் பம்பு ஒரு நொடி டக்கென்று ஓடி நிற்கிறது. இதுவும் எர்த்தா?

ராயபுரம் அக்கா:
இல்லை தம்பி, எங்கேயோ தண்ணீர் கசிந்து அழுத்தம் இறங்குகிறது, அதை ஈடுகட்டத்தான் பம்பு ஓடுகிறது. குழாய் வாஷரையும் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கிற பம்பின் நான்ரிட்டர்ன் வால்வையும் பாருங்க. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் ராத்திரி டிஷ்யூ பேப்பர் விரித்துவிட்டுப் படுங்க, காலையில் எது நனைந்திருக்கிறதோ அதுதான்.

தேரடிக்காரன்:
சிங்க் குழாய் வாஷர்தான் அக்கா. பத்து ரூபாய்.