ஓ.டி. மேட்ரிக்ஸ் மதிப்பீட்டுக்கு வாகனக் கணக்கெடுப்புத் தரவை எப்படித் தயார் செய்வது?

கேள்வி:
வணக்கம். காலை உச்ச நேரத்துக்கான பழைய ஓ.டி. மேட்ரிக்ஸை (எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பயணங்கள் என்ற அட்டவணையை), புதிதாக எடுத்த வாகன எண்ணிக்கையைக் கொண்டு திருத்த முயல்கிறேன். சில இடங்களுக்கு இரு திசைகளின் கூட்டுத்தொகை மட்டுமே கிடைத்துள்ளது. கணக்கெடுப்பு நடக்காத லிங்குகளில் (வரைபடத்தின் சாலைத் துண்டுகளில்) பூஜ்யம் இட்டிருக்கிறேன். மென்பொருளை ஓட்டினால் மொத்தப் பயணங்கள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. எதை முதலில் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1:
அந்தப் பூஜ்யங்களைத்தான். பூஜ்யத்தைக் கண்டால், அச்சாலையில் ஒரு வண்டியும் ஓடவில்லை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, அவ்வழியே செல்லும் பயணங்களையெல்லாம் வெட்டிவிடும். கணக்கெடுக்காத லிங்கில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும். உங்கள் மென்பொருள் டிரான்ஸ்கேட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதில் ஏபி, பிஏ என்ற இரு திசைப் பெயர்களும் லிங்கை வரைந்த திசையைச் சார்ந்தவை என்பதால், களப்படிவத்தில் ‘வடக்கு நோக்கி’ என்றிருப்பது ஓரிடத்தில் ஏபி ஆகவும் அடுத்த இடத்தில் பிஏ ஆகவும் அமையலாம். வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்புவது சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் தவிர்க்க முடியாதது. கூட்டுத்தொகையைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். காலையில் நகர மையத்தை நோக்கிய ஓட்டமே பெரும்பாலும் மிகுந்திருக்கும்.

பதில் 2:
அலகையும் பாருங்கள். மேட்ரிக்ஸ் பி.சி.யு.வில் (எல்லா வண்டிகளையும் கார்களுக்கு இணையாக மாற்றிய அலகில்) இருந்தால் எண்ணிக்கையும் பி.சி.யு.வில் இருக்க வேண்டும். சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு எடுத்த கணக்கு என்றால், அது பதிவு செய்வது வண்டிகளின் சக்கர அச்சுகளை. இரண்டு அச்சுக்கு ஒரு வண்டி என்று வகுத்தால் பல அச்சு லாரிகள் மிகும் சாலையில் எண்ணிக்கை ஊதிவிடும். இதைவிட நுட்பமான சிக்கல் நெரிசலில் உள்ளது. வண்டிகள் தேங்கி நிற்கும் சந்திப்பைத் தாண்டி எடுத்த எண்ணிக்கை, அச்சந்திப்பு எத்தனை வண்டிகளைக் கடக்க விட்டது என்பதைத்தான் காட்டுமே தவிர, எத்தனை பேர் போக விரும்பினர் என்பதைக் காட்டாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இடையில் கிளைச்சாலையே இல்லாத அடுத்தடுத்த இரு இடங்களில் 1,850, 1,400 என வருகிறதே?

பதில் 1:
அவ்விரண்டையும் எந்த மேட்ரிக்ஸாலும் ஒருசேர நிறைவு செய்ய முடியாது. ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் எடுத்தவையா என்று பார்த்து, நம்பத்தகாததை நீக்குங்கள். சில இடங்களின் எண்ணிக்கையை மதிப்பீட்டில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள், ஜி.இ.எச். அளவை (கணக்கெடுத்த எண்ணிக்கையிலிருந்து கணினி மாதிரி தரும் எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டுவது) அவற்றில் கணக்கிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு. கணக்கெடுப்பு 1,000, மாதிரி 1,100 என்றால் அது ஏறத்தாழ 3.1, ஐந்துக்குக் கீழ் என்பதால் ஏற்கலாம்.