குருசடிச் சுவரில் கைலி கட்டிய இயேசு: வரையலாமா?

தூரிகை_பாம்பன்:
எங்கள் ஊர்க் குருசடியின் (சிலுவை நட்ட சிறு செபக்கூடம்) உள்சுவரில் யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரி மூட்டி, மீன் சுட்டு, சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடும் இடம். கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு, குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வல்லம், நம் மீன்பிடிப் படகு. இதை வரைவதுதான் எனக்குச் செபம். எங்கள் பங்குக் கோயில் சனத்தில் பாதிப் பேர் அழிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சூசை_தங்கச்சிமடம்:
தம்பி, செபம் என்று சொல்லிவிட்டால் எதையும் வரையலாமா? வீட்டில் மாட்டிக்கொள், நான் வாயே திறக்க மாட்டேன். குருசடி மெழுகுவத்தி ஏற்றி முழங்கால் போடும் இடம். புயல் நேரத்தில் கடலுக்குப் போனவர்களை நினைத்துப் பெண்கள் அங்கேதான் அழுகிறார்கள். அவர்கள் முன்னால் ஆண்டவர் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

சாலோம்_மண்டபம்:
படமே தவறு. விக்கிரகத்தையோ எந்த உருவத்தையோ உண்டாக்காதே என்கிறது யாத்திராகமம் 20:4. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான். கைலியா அங்கியா என்பதெல்லாம் அப்புறம்.

தூரிகை_பாம்பன்:
அண்ணே, தூபம் காட்டியதால் உடைத்தான். செய்யச் சொன்னது தேவன்தானே? யாத்திராகமம் 20-ஐப் படித்த கையோடு 31-ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞர். படங்களை வணங்கலாமா என்ற சண்டையை ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் 787-இலேயே தீர்த்துவிட்டது.

சாலோம்_மண்டபம்:
உங்கள் சபைக்குத் தீர்ந்தது. எங்களுக்கு இல்லை.

மேரி_தொண்டி:
சூசை அண்ணே, ஓரியூருக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? 1693-இல் அங்கே தலை வெட்டப்பட்ட அருளானந்தர் போர்த்துக்கல்காரர். காவி உடுத்தி, பண்டாரசுவாமியாக நம் சனத்துக்குள் நடந்தவர். கோணான்குப்பத்தில் வீரமாமுனிவரின் பெரியநாயகி மாதா சேலை கட்டி நிற்கிறார். திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1963-இல் சொல்லியிருக்கிறது. கைலி மட்டும் என்ன பாவம் செய்தது?

சூசை_தங்கச்சிமடம்:
நல்ல கேள்வி, ஆனால் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. காவி துறவியின் உடை, பார்த்தவர்கள் கும்பிட்ட உடை. சேலையும் அப்படித்தான், திருவிழாவுக்கு உடுத்துவது. கைலி வேலைக்குக் கட்டுவது. அதே யோவான் 21-இல் இராயப்பர், அதாவது பேதுரு, என்ன செய்தார்? மேலாடை இல்லாமல் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், ஆண்டவர் என்று தெரிந்ததும் ஆடையை உடுத்திக்கொண்டுதான் கடலில் குதித்தார். இராயப்பருக்குக் கைலி கட்டு, சண்டையில்லை. ஆண்டவருக்கு வேண்டாம்.

மேரி_தொண்டி:
ஆண்டவரும் அங்கே வேலைதானே செய்கிறார்? கரியில் மீன் சுடுகிறவர் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து வைத்திருக்கிறார். அந்தப் பெண்கள் அழுவதற்கு இதைவிட நெருக்கமான ஆண்டவர் யார்?

வலைக்காரன்:
உடையை விடுங்கள். படத்தில் கரிமேல் கிடப்பது சீலா, கடல் மீன். கலிலேயாக் கடல் நன்னீர் ஏரி, அங்கே சீலா ஏது? அங்கே பேர்பெற்றது நம் கண்மாயில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையின் சொந்தக்காரன்.

தூரிகை_பாம்பன்:
கைலிக்கு ஒத்துக்கொண்டால் சீலாவுக்கும் ஒத்துக்கொள்ளுங்கள், மாமா.

சூசை_தங்கச்சிமடம்:
சரி, ஒரு வழி. வெளிச்சுவரில் வரை. வல்லத்துக்குப் போகிறவன் பார்த்துக்கொண்டே போகட்டும். பீடத்துச் சுவர் சுரூபத்துக்கு (சிலைக்கு) மட்டும் இருக்கட்டும்.

தூரிகை_பாம்பன்:
வெளிச்சுவர் கடலைப் பார்த்து நிற்கிறது, அண்ணே. உப்புக்காற்றில் காரை பொரிந்து பெயிண்டோடு உதிரும். போன தடவை அடித்த நீலம் அடுத்த திருவிழாவைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே பக்கவாட்டுச் சுவர் என்றால் சம்மதமா?

சூசை_தங்கச்சிமடம்:
அதைப் பங்குச்சாமி முன்னால் பேசுவோம். ஞாயிறு பூசை முடிந்ததும் வா. அதுவரை மீனை வரை, வல்லத்தை வரை, ஆண்டவர் மேல் கை வைக்காதே.