லிஃப்ட்டில் போனாலும் எடை மிஷின் அதே எண்ணைத்தான் காட்டுது, ஏன்?

பிளஸ்ஒன்_மாணவி
வணக்கம். லிஃப்ட்டில் தோற்ற எடை மாறும்னு இயற்பியல் பாடத்துல இருக்கு. செஞ்சு பார்க்கலாம்னு வீட்டு டிஜிட்டல் எடை மிஷினை எங்க அப்பார்ட்மென்ட் லிஃப்ட்ல வச்சு ஏறி நின்னேன். கீழ 50 கிலோ. அஞ்சாவது மாடி போற வரைக்கும் 50. இறங்கும்போதும் 50. திங்கட்கிழமை ப்ராஜெக்ட் காட்டணும். மிஷின் கோளாறா?

கணக்குப்புலி
மிஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க எடை கீழே, மிஷின் தள்ளுறது மேலே. செயல், எதிர்செயல். நியூட்டனோட மூன்றாம் விதிப்படி ரெண்டும் எப்பவும் சமம், அப்புறம் எப்படி மாறும்?

பிளஸ்ஒன்_மாணவி
அப்போ புத்தகத்துல இருக்கற சமன்பாடு தப்பா அண்ணா?

பழைய_வாத்தியார்
புத்தகம் சரிதானம்மா. மேலே உள்ள பதிலை மட்டும் ப்ராஜெக்ட்டில் எழுதிவிடாதே.

மூன்றாம் விதி சொல்லும் ஜோடி ஒரே பொருளின் மேல் செயல்படாது. பூமி உன்னைக் கீழே இழுக்கிறது. அதற்கு ஜோடி, நீ பூமியை மேலே இழுப்பது. மிஷின் உன்னை மேலே தள்ளுகிறது. அதற்கு ஜோடி, நீ மிஷினைக் கீழே அழுத்துவது. மிஷின் காட்டுவது இந்த அழுத்தத்தைத்தான்.

உன் எடை, மிஷினின் தள்ளல் இரண்டுமே உன் மேல் செயல்படுபவை. இவை சமமாக இருந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முடுக்கம் பூஜ்ஜியமானால் சமம். அது இரண்டாம் விதி (மொத்த விசை = நிறை × முடுக்கம்) தரும் விடை. லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பினால் தள்ளல் 50 × (9.8 + 1) = 540 நியூட்டன்; 9.8 என்பது ஈர்ப்பு முடுக்கம். மிஷின் சுமார் 55 கிலோ காட்ட வேண்டும். அதே முடுக்கத்தில் கீழே கிளம்பினால் 440 நியூட்டன், ஏறக்குறைய 45 கிலோ.

நடுவில் சீரான வேகத்தில் போகும்போது 50தான். மாற்றம் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஓரிரு வினாடி மட்டும். இன்னொன்று: மேலே போய் நிற்கப்போகும் நேரத்தில் மிஷின் காட்டும் எடை குறையும். போகும் திசை முக்கியமில்லை, முடுக்கத்தின் திசைதான் கணக்கு.

தராசு_ரிப்பேர்
சார் சொன்ன அந்த ஓரிரு வினாடியை உங்க மிஷின் பிடிக்காது. வீட்டு டிஜிட்டல் மிஷின் பெரும்பாலும் சராசரி எடுத்து எண்ணை அப்படியே நிறுத்தி வச்சிடும். முள் உள்ள ஸ்பிரிங் மிஷின் கிடைச்சா அதுல ஏறி நில்லுங்க, முள்ளை மொபைல்ல வீடியோ எடுங்க. கிடைக்கலேன்னா ஃபைஃபாக்ஸ் ஆப் போதும், இலவசம். ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது. ஈர்ப்பையும் சேர்த்து முடுக்கம் காட்டுற பகுதியைத் திறந்து, போனை லிஃப்ட் தரையில படுக்க வைங்க. சும்மா இருக்கும்போது 9.8 பக்கம் நிக்கும்.

கணக்குப்புலி
மேசை மேல வச்ச புத்தகத்துக்கு ரெண்டும் சமம்தானே சார்?

பழைய_வாத்தியார்
சமம், முடுக்கம் இல்லாததால். புத்தகத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேசையின் தள்ளல் கூடும், புத்தகத்தின் எடை கூடாது. ஜோடியாக இருந்தால் இப்படிப் பிரியுமா?

பிளஸ்ஒன்_மாணவி
பக்கத்து வீட்டு ஆண்ட்டிகிட்ட முள் மிஷின் இருந்தது! கிளம்பும்போது 54 கிட்ட போச்சு, அஞ்சாவது மாடியில நிக்கும்போது 47 வரை இறங்குச்சு. ரொம்ப நன்றி சார், அண்ணா. ஒரு சந்தேகம்: கயிறு அறுந்தா மிஷின் என்ன காட்டும்?

பழைய_வாத்தியார்
தடையின்றி விழுந்தால் பூஜ்ஜியம். ஆனால் பூமியின் இழுப்பு அப்படியே இருக்கும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஈர்ப்பு முடுக்கம் 8.7 மீ/வி² இருக்கிறது. அங்கே மிதப்பதும் விழுந்துகொண்டே இருப்பதால்தான். பயப்படாதே, கயிறு பல இருக்கும், வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கும் உண்டு.

விசைப்படத்தில் உன் உருவத்தின் மேல் இரண்டே அம்புதான் போட வேண்டும். கிளம்பும் படத்தில் மேல் அம்பை நீளமாக வரை.