மண்ணுக்குள் கிடைத்தது பிள்ளைப்பூச்சியா, சில்வண்டின் குஞ்சா?

மலைத்தோட்டம் கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி நடுவதற்காகப் பலாமரத்தடியில் குழி தோண்டியபோது, ஏறத்தாழ ஓர் அடி ஆழத்தில் ஒரு புழு அகப்பட்டது. கட்டைவிரலின் மேற்கணு அளவு இருந்த அதன் உடல் வெளிறிய பழுப்பு நிறம். முன்னங்கால்கள் இரண்டும் நண்டின் கொடுக்கைப் போலத் தடித்திருந்தன. இறக்கை இல்லை, ஆனால் முதுகின் இருபுறமும் சிறு மடல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வேலைக்கு வந்த பெரியவர் அதைப் பிள்ளைப்பூச்சி என்றார். அதே மரத்தின் தண்டில் சில்வண்டு கழற்றிப்போட்ட கூடுகளும் தொங்குகின்றன. அவற்றின் கால்களும் இதே சாயலில் இருப்பதால் எனக்கு ஐயம் எழுந்துள்ளது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? 17 ஆண்டுகள் மண்ணுக்குள் வாழும் என்று படித்தேனே, அது இதுதானா?

பூச்சிநோக்கி எழுதியது:

ஐயா, முதலில் ஒரு சிறு திருத்தம்: அது புழு அன்று. வண்ணத்துப்பூச்சியைப் போலப் புழு, கூட்டுப்புழு என்ற நிலைகள் சில்வண்டுக்கு இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஆறு கால்களுடன் வரும் இளம்பூச்சி, தோலுரித்துத் தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடந்து வளர்கிறது. மரக்கிளையின் கீறலில் பொரித்துத் தரையில் விழும்போது அது எறும்பளவுகூட இராது. நீங்கள் கூறும் மடல்கள் இறக்கையின் முளைகள்; அவை கண்ணுக்கு நன்றாகத் தெரிவதால் உங்களிடம் அகப்பட்டது பிந்திய பருவத்தைச் சேர்ந்தது.

பிள்ளைப்பூச்சியா என்று அறிய மூன்று இடங்களைப் பாருங்கள். பிள்ளைப்பூச்சியின் முன்னங்கால் உள்ளங்கையும் விரல்களும் போல அகன்றிருக்கும். சில்வண்டின் இளம்பூச்சிக்கோ தொடைப்பகுதி பருத்து, அடிப்புறத்தில் முட்கள் வரிசையிட்டு, அதற்கு அடுத்த கணு அதன்மேல் மடிந்து இடுக்கி போல மூடும். பிள்ளைப்பூச்சியின் வால்நுனியில் இரண்டு நீண்ட இழைகள் உண்டு, இதற்கு இல்லை. எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் வாய்தான்: பிள்ளைப்பூச்சி கடித்து மெல்லும், சில்வண்டு இனத்துக்குத் தலையின் அடியிலிருந்து நெஞ்சோடு ஒட்டிக் கால்களுக்கிடையே பின்னோக்கிச் செல்லும் ஊசி போன்ற உறிஞ்சுகுழல் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

அந்தக் குழலால் அது வேரின் மரச்சாற்றை உறிஞ்சுகிறது. அச்சாறு பெரும்பாலும் தண்ணீர், சத்து மிகக் குறைவு. வளர்ச்சி ஆண்டுக்கணக்கில் நீள்வதற்கு அது முக்கியக் காரணம். ஆயினும் 13, 17 ஆண்டுக் கணக்கு வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் ஏழு இனங்களுக்கே உரியது. 2024-இல் அவற்றின் 13 ஆண்டுக் கூட்டமொன்றும் 17 ஆண்டுக் கூட்டமொன்றும் ஒரே பருவத்தில் வெளிவந்தன. அவ்விரண்டும் அதற்குமுன் சேர்ந்து வந்தது 1803-இல். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் ஊர்ச் சில்வண்டுக்கும் அதே ஆயுளைப் பலர் எழுதிவிடுகிறார்கள்.

வேலியோரம் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தோண்டியபோது அது இருந்த அறையின் சுவர் வழவழப்பாக மெழுகியதுபோல் இருந்ததா? உறிஞ்சிய நீரில் மிஞ்சியதை வெளியேற்றி, அந்த ஈரத்தால் மண்ணைக் குழைத்துச் சுவரைப் பூசிக்கொள்வது அதன் வழக்கம். அதனால்தான் சேறு அப்பிய உடலோடு அகப்படுகிறது. கழுவினால்தான் உண்மையான நிறமும் உடல்மேல் உள்ள மெல்லிய மயிர்களும் தெரியும்.

மலைத்தோட்டம் எழுதியது:

நன்றி. நேற்று அதைக் கழுவித் திருப்பிப் பார்த்தேன். உறிஞ்சுகுழல் தெளிவாகத் தெரிந்தது, வால் இழைகள் இல்லை. பெரியவரிடம் காட்டியபோது சிரித்துக்கொண்டே, "பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்ததாம் என்பார்கள், இது உண்மையிலேயே கொடுக்கு முளைத்தது" என்றார். அதை மீண்டும் வேரருகே புதைத்துவிட்டேன். இன்னொரு கேள்வி: மரத்திலுள்ள வெற்றுக் கூடுகளின் முதுகுப் பிளவில் வெள்ளை நூல்கள் தொங்குகின்றனவே, அவை சிலந்தி இழைகளா?

பூச்சிநோக்கி எழுதியது:

இல்லை, அவை அதன் மூச்சுக்குழல்களின் உட்பூச்சு. பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது. உடலின் பக்கங்களிலுள்ள துளைகளிலிருந்து கிளைத்துச் செல்லும் குழாய்கள்தாம் காற்றை உள்ளே கொண்டுசெல்கின்றன. அக்குழாய்களின் உட்சுவரும் மேல்தோலின் தொடர்ச்சியே ஆகையால், இறுதித் தோலுரிப்பில் முதுகு நடுவே பிளந்து இறக்கையுள்ள சில்வண்டு வெளியேறும்போது அதுவும் சட்டையோடு இழுபட்டு நூலாக வெளிவருகிறது. கண்ணின் மேலுறைகூடக் கழன்றுவிடுவதால்தான் கூட்டின் கண்கள் கண்ணாடித் துளிபோல் இருக்கின்றன. ஒரு கூட்டைக் கையில் எடுத்து, வயிற்றின் கடைசிப் பகுதியின் அடிப்புறத்தையும் பாருங்கள். அங்கே முட்டையிடும் உறுப்பின் தடம் நெடுக்குக் கோடாகத் தெரிந்தால் அதிலிருந்து வெளிவந்தது பெண். அது பாடியிராது, சில்வண்டில் உரத்துப் பாடுவது ஆண்தான்.