மலேசியாவில் பார்மசி கவுண்டருக்கு உள்ளே நிற்பவர்களே, இன்னும் மறக்காத ஓர் ஆள் உண்டா?

செந்தூல்காரி:
சம்பளம் போட்ட வாரம், சனிக்கிழமை, மாலை ஆறரை மணி. அந்த நேரத்தில் கடை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பார்மசிஸ்ட் நான் ஒருத்திதான். கூட வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர், அதில் ஒருத்தி சாப்பிடப் போய்விட்டாள்.

கால் வீக்கத்துக்கு எண்ணெய் கேட்டு ஒரு பாட்டி வந்தார். பார்த்தால் இரண்டு கணுக்காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. அடிபட்ட வீக்கம் ஜோடி சேர்ந்து வராதே. வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க பாட்டி என்றதும், மஞ்சள் நைலான் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். ரத்தக் கொதிப்புக்குக் கிளினிக் கொடுத்த நோர்வாஸ்க் 5, அரசாங்க ஆஸ்பத்திரி கொடுத்த அம்லோடிபைன் 10. பெயர்தான் இரண்டு, மருந்து ஒன்று. "ரெண்டையும் சாப்பிடுறீங்களா?" "ஆமாம்மா, இது காலையில, அது ராத்திரிக்கு." ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத மருந்து அது. கால்களை வீங்க வைப்பதும் அதன் வேலைதான், அளவு கூடினால் வீக்கமும் கூடும்.

அப்போதுதான் கார் சாவியால் கண்ணாடியில் டொக் டொக் டொக் என்று தட்டும் சத்தம். "மிஸ், ஒரே ஒரு அட்டை மூக்கடைப்பு மாத்திரை. காடி டபுள் பார்க்கிங்ல நிக்குது." அதை என்னிடம்தான் வாங்க வேண்டும், பெயரும் எழுத வேண்டும். ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டேன். "ஐசி எதுக்கு? நான் என்ன கடனா கேட்டேன்?" பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாட்டி தன் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "பரவால்லம்மா, நீ அவரைப் பாரு. நான் அப்புறம் வரேன்." நான் எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் கடை முன் நடைபாதையான அஞ்சடியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார். எட்டு மாதமாகிறது. வரவில்லை.

பிறைக்காரன்:
அக்கா, உங்களுக்குச் சாவி, எனக்கு டிஷ்யூ. நான் அரசாங்கக் கிளினிக் பார்மசியில் இருக்கிறேன். திங்கள்கிழமை காலை, நாற்காலி எல்லாம் நிறைந்து சுவரோரமும் ஆட்கள். எண் கூப்பிடாமலே ஓர் அங்கிள் நேராக வந்து, மடித்த டிஷ்யூவை என் முன்னால் பிரித்தார். உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை. "நீங்க குடுக்கறது கரையவே மாட்டேங்குது. அப்படியே வெளிய வந்துடுச்சு. போலி மருந்தா?"

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின், மெதுவாகக் கரையும் வகை. மருந்து உடம்பில் இறங்கிவிடும், கூடு மட்டும் சில சமயம் அப்படியே வரும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஆனால் அத்தனை பேர் முன்னால் "எங்கேயிருந்து வந்துச்சு அங்கிள்?" என்று எப்படிக் கேட்பது? கழுவித்தான் கொண்டு வந்திருந்தார், அதற்காவது நன்றி. பின்னால் ஒருவர், "அவருக்கு மட்டும் நம்பர் இல்லையா?" என்று கத்தினார். அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

வரிசையில் நிற்பவன்:
நான் அந்தச் சாவிக்காரன் இல்லை. ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. கிளினிக்கில் டாக்டரைப் பார்த்த ஐந்தாவது நிமிடம் மருந்து கையில் வருகிறது. பார்மசியில் ஓர் அட்டைக்கு இருபது நிமிடம் நிற்கிறேன், கூடவே குடும்பக் கதை எல்லாம் கேட்கிறீர்கள். மருந்துக்கு விலை ஒட்ட வேண்டும் என்று 2025 மே 1 முதல் சட்டமே வந்துவிட்டது. இன்னமும் சில கடைகளில் "எவ்வளவு?" என்று கேட்டால்தான் தெரிகிறது. பொறுமை இல்லை என்கிறீர்களே, பொறுமைக்கும் ஒரு அளவு இல்லையா?

பினாங்கு அக்கா:
தம்பி, விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். மற்றது இல்லை. நம் நாட்டில் டாக்டரே மருந்தும் கொடுக்கலாம், அதனால்தான் ஐந்து நிமிடம். அந்தப் பாட்டிக்கு இரண்டு இடத்திலிருந்து ஒரே மருந்து வந்ததும் அதனால்தான். இரண்டு இடத்துக்கும் ஒன்றையொன்று தெரியாது. செந்தூல் தங்கச்சி கேட்ட "குடும்பக் கதை" மட்டும்தான் அதைக் கண்டுபிடித்தது. ஐசியும் அவர் ஆசைக்குக் கேட்கவில்லை, 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் கேட்கிறது. அடுத்த தடவை அதனிடம் போய்ச் சாவியால் தட்டச் சொல்லுங்கள்.

என் கதை சின்னது. மூன்று மணிக்கு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். கவுண்டரில் "பார்மசிஸ்ட் இல்லை" பலகை. ஒருவர் மருந்து அலமாரி இடுக்கு வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "இருக்கீங்களே! கையில மீன் தெரியுதே!" என்றார். கை கழுவிவிட்டு வந்தேன். அவருக்கு வேண்டியது இருமல் மிட்டாய். அது வாசல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நான் பார்மசியில் வேலை செய்தவன் அல்ல. என் மனைவிக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), அவர் மருந்துக்காக நானும் நின்றிருக்கிறேன், ஒரு முறை கோபப்பட்டும் இருக்கிறேன், அதை விடுங்கள். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. முதலில், எல்லா மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இரண்டு அட்டையில் அந்தப் பொடி எழுத்து ஒன்றாக இருந்தால் எதையும் நீங்களே நிறுத்தாமல் கேளுங்கள். சில சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதன் மேல் அதே மருந்தான பெனடோலும் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மருந்து எடுப்பவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறீர்கள்? தபாலில் அனுப்பச் சொல்லலாம். பக்கத்துக் கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. மூன்றாவது, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி மருந்தை வாங்காதீர்கள். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, சம்பள வாரச் சனிக்கிழமை போகவே போகாதீர்கள். செவ்வாய் காலை பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஈ காக்கா இருக்காது. ஐந்தாவது, பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். ஆறாவது

பிறைக்காரன்:
சார், ஆறாவது எங்கே? பாதியிலேயே அனுப்பிவிட்டீர்கள்.

வரிசையில் நிற்பவன்:
செவ்வாய் பதினோரு மணிக்கு நாங்கள் வேலையில் இருப்போம் சார்.

செந்தூல்காரி:
வாத்தியார் சொன்ன பொடி எழுத்து விஷயத்தைத்தான் அன்றைக்குப் பாட்டிக்குக் காட்டப் போனேன். அட்டையைத் திருப்பி வைத்திருந்தேன்கூட.

பாட்டியைத் தேடிப் பார்க்கவில்லையா என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். எப்படித் தேடுவது? சாவிக்காரரின் பெயர், ஐசி எண், வீட்டு முகவரி எல்லாம் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கின்றன. பாட்டி எதையும் வாங்கவில்லை.