சார்ஜ் ஷீட்டுக்கு அப்புறம் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க, என்ன தயார் பண்ணணும்? (பெங்களூரு)

பீன்யாக்காரன்:
பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப். தம்பி அங்கே லைன் இன்ஸ்பெக்டர், பெர்மனென்ட். அளக்காமலே இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதா சார்ஜ் ஷீட். கஸ்டமர் அந்த லாட்டைத் திருப்பிட்டாராம். இப்போ சஸ்பென்ஷன். பதில் கொடுத்தாச்சு, "விளக்கம் திருப்தியில்லை"ன்னு வர்ற வியாழக்கிழமை விசாரணை வச்சிருக்காங்க. வக்கீலைக் கூட்டிட்டுப் போகலாமா? கையில் என்னென்ன இருக்கணும்?

ஷிஃப்ட்_பி:
முதல்ல சார்ஜ் ஷீட்டை வரிவரியாப் பாருங்க. தேதி, ஷிஃப்ட், பார்ட் நம்பர், லாட் நம்பர், ஸ்டாண்டிங் ஆர்டர்ல (கம்பெனியோட வேலை, ஒழுங்கு விதிகள்) எந்த விதி. இதில் எது இல்லையோ, இன்னைக்கே எழுத்தில் கேளுங்க. மொட்டையா "வேலையில் அலட்சியம்"னு இருந்தா அதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அந்த ஆட்சேபணை விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பதிவாகணும்.

அதே லெட்டர்ல ஆவணங்களையும் கேளுங்க: அந்த ஷிஃப்ட்டோட இன்ஸ்பெக்‌ஷன் ஷீட், கஸ்டமர் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட், கன்ட்ரோல் பிளான் (எதை, எத்தனை பீஸ் அளக்கணும்னு சொல்ற பேப்பர்), அட்டெண்டன்ஸ், கேஜ் காலிப்ரேஷன் ரெக்கார்டு (அளக்கிற கருவி சரியா காட்டுதான்னு சோதிச்ச பதிவு). கடைசியா சொன்னதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. மைக்ரோமீட்டருக்கு காலிப்ரேஷன் தேதி தாண்டியிருந்தா, ஒழுங்கா அளந்தாலும் அளவு தப்பா வர வாய்ப்பு உண்டு. கன்ட்ரோல் பிளான்ல மணிக்கு 5 பீஸ் பார்த்தாப் போதும்னு இருந்தா, மீதியில் குறை இருந்தது அவர் அளக்கலைங்கிறதுக்கு ஆதாரம் ஆகாது. அளவு தப்பு வேற, அளக்கவே இல்லைங்கிறது வேற. கம்பெனி ரெண்டாவதைத்தான் சொல்லியிருக்கு. நிரூபிக்க வேண்டியதும் கம்பெனிதான். ஆனா கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு இங்கே கிடையாது. "நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்"னு பட்டாலே போதும். அதனால பேப்பரை நம்புங்க, "ஆதாரம் எங்கே"ன்னு வெறும் கையோட நிக்காதீங்க.

ஆவணங்களை கம்பெனி மெயில்லேர்ந்து சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கிற வேலை வேண்டாம். அதுவே இன்னொரு சார்ஜ் ஆயிடும்.

மெஜஸ்டிக்_வாசி:
வக்கீல் பத்தி: உள்விசாரணைக்கு வக்கீல் கேட்கிறது பொதுவா உரிமை இல்லை. கூட வேலை பார்க்கிறவரையோ யூனியன் ஆளையோ துணைக்கு வச்சுக்க முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பெனி தரப்பை நடத்துறவர் சட்டம் படிச்சவரா இருந்தா, நமக்கும் வக்கீல் கேட்கலாம். பம்பாய் துறைமுக வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. மறுத்தா, மறுத்தாங்கன்னு பதிவில் வர வைங்க.

விசாரணை அதிகாரி யாருன்னும் பாருங்க. புகார் கொடுத்தவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தா முதல் அமர்விலேயே ஆட்சேபணை கொடுக்கணும்.

குறுக்கு விசாரணையில்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கேள்வி சின்னதா, ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரி இருக்கணும். "அன்னைக்கு நீங்க லைன்ல இருந்தீங்களா?" "அவர் அளக்காததை நேரில் பார்த்தீங்களா?" பார்க்கலைன்னு சாட்சி சொன்னதும் உட்கார்ந்துடணும். "அப்புறம் எப்படித் தெரியும்?"னு கேட்டா சாட்சிக்கு நாமளே வழி திறந்து விட்ட கதை.

ஒவ்வொரு பக்கத்தையும் படிச்சிட்டுத்தான் கையெழுத்து. சொல்லாதது எழுதியிருந்தா "இந்த வரி நான் சொன்னதல்ல"ன்னு அங்கேயே எழுதி, அப்புறம் கையெழுத்து. நகலை அன்னைக்கே கேளுங்க. கோபத்தில் போகாம மட்டும் இருந்துடாதீங்க. எக்ஸ்பார்ட்டியா, அதாவது நாம இல்லாமலே, முடிச்சிடுவாங்க, பிறகு லேபர் கோர்ட்டில் "வாய்ப்பே தரலை"ன்னு சொல்ல முடியாது.

பீன்யாக்காரன்:
ரொம்ப நன்றி சார். இன்னும் ரெண்டு விஷயம். தம்பிக்குக் கன்னடம் பேசத் தெரியும், படிக்கத் தமிழ் மட்டும்தான். ரெக்கார்டு இங்கிலீஷ்ல எழுதுவாங்களாம். அப்புறம், ராஜினாமா கொடுத்துட்டா செட்டில்மென்ட் முடிச்சிடலாம்னு ஹெச்ஆர் போன்ல சொல்றார். சஸ்பென்ஷன் சம்பளமும் இதுவரை வரலை.

ஷிஃப்ட்_பி:
துணைக்கு வர்றவர் இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவரா இருக்கட்டும். அன்னன்னைக்கு எழுதினதைக் கன்னடத்தில் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. "படிச்சுக் காட்டப்பட்டது, புரிந்தது"ங்கிற வரிக்குக் கையெழுத்து, புரிஞ்ச பிறகு மட்டும்.

ராஜினாமா விஷயத்தில் அவசரமே வேண்டாம். எழுதிக் கொடுத்துட்டா, மிரட்டி வாங்கினாங்கன்னு நிரூபிக்கிற பாரம் தம்பி தலையில் விழும். "தொகை எவ்வளவு, என்னைக்குக் கிடைக்கும், அனுபவச் சான்றிதழ்ல என்ன எழுதுவீங்க, மெயில்ல அனுப்புங்க"ன்னு கேளுங்க. பெரும்பாலும் போன் நின்னுடும்.

சஸ்பென்ஷன்ல முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம் பிழைப்பூதியம். அதுக்கு மேல இழுத்தா 75, தாமதத்துக்குத் தம்பி காரணமா இல்லாத வரைக்கும். அதனால சும்மா வாய்தா கேட்காதீங்க. வரலைன்னு ஹெச்ஆருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுங்க, ஒரு காப்பி விசாரணை அதிகாரிக்கும். அப்பவும் அசையலைன்னா பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனுக்குப் போங்க. பீன்யா எந்த லேபர் ஆபீசர் கீழே வருதுன்னு சொல்லுவாங்க.

மெஜஸ்டிக்_வாசி:
ஒண்ணு விட்டுப் போச்சு. விசாரணை முடிஞ்சதும் அறிக்கையோட காப்பியைக் கேட்டு வாங்குங்க. தண்டனை முடிவாகிறதுக்கு முன்னாடி அதைக் கொடுத்து பதில் சொல்ல விடணும்னு 1993ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. அந்தப் பதில்ல பழைய சர்வீஸ் ரெக்கார்டையும் எழுதுங்க. இதுவரை ஒரு மெமோகூட வாங்கலைன்னா தண்டனையைக் குறைக்க அது உதவும்.